வேர் பிரியாத பல்

வறுத்த கடலையில் கிடந்த கல்லைக் கடித்ததும் முதலில் நான் பார்த்தது பல்லை அல்ல, கல்லை. மண்ணியல் முதுகலை படிக்கிறவள் வேறு எதைப் பார்ப்பாள்? கழுவித் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் படிகக் கல், கண்ணாடியையே கீறிவிடுகிற ஜாதி. பக்கத்தில் இன்னொரு வெள்ளைத் துண்டும் கிடந்தது. அது என்ன கல் என்று கொஞ்ச நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் நாக்குதான் துழாவிப் பார்த்து, அது கல் இல்லை, என் பல் என்று கண்டுபிடித்தது.

கீழ்வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப்பல். பாதியைக் காணோம்.

மறுநாளே வலி காதுவரை ஏறிவிட்டது. நானும் அண்ணனைப் போல இடது பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தேன். அண்ணன் எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவான். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "வலது பக்கத்துக்கு லீவு விட்டிருக்கேன்" என்றான். நானும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். என்னிடம் கேள்விக்கா பஞ்சம்? அவன் எனக்கு வைத்திருக்கும் பெயரே கேள்வி மூட்டை.

தெருமுனைக் கிளினிக்கில் இரண்டு வழி சொன்னார்கள். வேர் சிகிச்சை செய்து மேலே கேப் என்கிற உறை போடலாம், இல்லாவிட்டால் பிடுங்கிவிடலாம். பிடுங்குவதற்குச் சொன்ன காசு என் பஸ் செலவைப் போல அற்பம். காப்பாற்றுவதற்குச் சொன்ன தொகையோ, யாரோ என் பாங்க் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுபோல, கடைசி செமஸ்டர் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது.

கட்டணப் பணம் கையில் இருந்தது. அண்ணன் கொடுத்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிச் சம்பாதிக்கிறான். அம்மா அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "ரெண்டு வருஷந்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்" என்று சொன்னவன் அவன். அந்த வாரக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பணத்தைத் தொட்டால் படிப்பு போச்சு, தொடாவிட்டால் பல் போச்சு. அண்ணனிடம் சொன்னால் யார் காலிலாவது விழுந்து புரட்டிக்கொண்டு வருவான் என்பது தெரியும். அதனாலேயே வாயைத் திறக்கவில்லை. மிச்சம் இத்தனை பல் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டு, இன்னும் மலிவு என்று கேள்விப்பட்டு, பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பிடுங்கும் வரிசையில் உட்கார்ந்தேன்.

கையில் எக்ஸ்ரே படம் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் விறுவிறுவென்று கடந்து போனார். போனவர் நின்று, முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நடந்து வந்து, என் கையிலிருந்த படத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"இது உங்க பல்லா?"

"ஆமா. ஏன்?"

"பிடுங்கப் போறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"வேணாங்க. தயவுசெஞ்சு வேணாம்."

டாக்டர்கள் அதட்டிக் கேட்டிருக்கிறேன், கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்கு வலி மறந்து போய், விஷயம் என்ன என்று குடைய ஆரம்பித்தது. அவரும் என்னைப் போல மாணவிதான். வேர் சிகிச்சையில் மேற்படிப்பு, கடைசி வருடம். வழக்கமாக இந்தப் பல்லுக்கு வேர் இரண்டாகப் பிரியுமாம். எனக்குப் பிரியவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு, உள்ளே நரம்பு ஓடும் குழாய் குதிரை லாடம் போல வளைந்திருந்தது. சுத்தம் செய்வது பெரும்பாடு. தேர்வுக்கு அப்படிப்பட்ட சிக்கலான பல் ஒன்றைச் சரிசெய்து காட்ட வேண்டும், அதைத்தான் மாதக்கணக்காகத் தேடுகிறார்.

"கிடைக்கவே இல்லையா?"

"கிடைக்குது. ஆனா வர்றவங்க எல்லாரும் உங்க மாதிரி பிடுங்கற வரிசையிலதான் உக்காந்திருக்காங்க."

"என்கிட்ட காசு இல்ல டாக்டர்."

"நீங்க ஒண்ணும் கட்ட வேணாம். நான் கூப்பிடறப்ப வந்து வாயைத் திறந்தா போதும்."

காதில் பூ சுற்றுகிறாரோ என்று ஒரு சந்தேகம். ஆனாலும் பிடுங்கும் டோக்கனைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. "ஆ... ஆ?" என்பேன். டாக்டரக்கா, அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன், நான் கேட்டது புரிந்ததுபோலவே பதில் சொல்வார். "அதுவா, நரம்பு." "ஆ?" "இல்ல, இன்னும் இருக்கு." "ஆ... ஆஆ?" "சாப்பிட்டுட்டேன்மா, கேட்டதுக்கு தேங்க்ஸ்." நான் அதைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது தடவை போனபோது, பணம் கட்டும் ஜன்னலில் அவர் நிற்பதைப் பார்த்தேன். என் பெயருக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தார். தன் பர்ஸிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார். கல்லூரி இலவசமாகச் செய்கிறது என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீங்க ஏன் கட்டறீங்க? நான் என்ன உங்ககிட்ட தர்மம் கேட்டு வந்தேனா?"

"கோவப்படாத. பரீட்சைக்கு ஒரு கேஸ் வேணும்னா நாங்கதான் கட்டணும், இங்க எல்லாரும் அப்படித்தான். சாயங்காலம் ஒரு கிளினிக்ல வேலை பாக்கறேன். அங்க வர்றது இங்க போயிடுது. போன மாசம் வீட்டுல தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சு, அதான் கொஞ்சம் இழுபறி." பர்ஸை மூடிக்கொண்டே கேட்டார், "ஏன், நீ மண்ணு எடுக்கப் போற இடத்துல காசு கேட்டா குடுக்க மாட்டியா?"

"யாரு குடுப்பா? சும்மாதான் அள்ளிட்டு வருவேன்."

"அப்ப நீ என்னைவிட விவரம்தான், போ."

சிரித்துவிட்டேன். அன்றைக்கே போய் செமஸ்டர் கட்டணத்தைக் கட்டினேன். பணத்தில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. என் பல்லும் தப்பித்தது. தேர்வு நாளில் மூன்று பேர் என் வாய்க்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் டாக்டரக்கா மளமளவென்று பதில் சொன்னார். அவர் தேறிவிட்டார் என்று தெரிந்ததும் நானே தேறியதுபோல சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகுதான் அண்ணனிடம் சொன்னேன். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். "பல்லு வலியை வெச்சுக்கிட்டு எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஒரு பாட்டம் திட்டி முடித்துத் தண்ணீர் குடித்தான்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். டாக்டரக்காதான் போனில் கிளப்பிவிட்டார். "உனக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இதே மாதிரி வேர் ஒட்டியிருக்குமான்னு பாக்கணும்போல இருக்கு. ஒரே ஒரு எக்ஸ்ரே. காசு ஒண்ணும் இல்ல." என்னிடம் இப்படிச் சொன்னால் தூக்கம் வருமா? ஒரே அம்மா வயிற்றில் வந்த இரண்டு பேரின் தாடைக்குள் ஒரே வளைவு இருக்குமா, இருக்காதா? அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு அதெல்லாம் வேணாம். லிஃப்ட் ஒண்ணு நின்னு போயிருக்கு."

"லிஃப்ட் எங்கயும் போகாது. அதான் நின்னுடுச்சே. வா."

வேலை உடையிலேயே, சட்டைப் பையில் டார்ச்சோடு வந்தான். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகப் படுத்தான். நான் டாக்டரக்காவின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் சின்னக் கண்ணாடியை வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"இந்த இடத்துல இருந்த பல்லு?"

"எடுத்தாச்சு டாக்டர்."

என்னுடைய அதே பல். அதே வலது பக்கம். அங்கே வெறும் ஈறு இருந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தான். "இவ காலேஜ்ல சேர்ந்தப்ப."

"காப்பாத்தியிருக்கலாமே?"

"ரெண்டு வழி சொன்னாங்க டாக்டர். ஒண்ணு கம்மியா இருந்துது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. இரண்டு வருடம் இவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கடலைக்குள் இருந்த கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று யோசித்த எனக்கு, இவன் ஏன் ஒரு பக்கமே மெல்லுகிறான் என்று இரண்டாம் தடவை கேட்கத் தோன்றவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ சொன்னியா?" என்றான்.

டாக்டரக்கா இருவருக்கும் நடுவில் புகுந்தார். "சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. செயற்கைப் பல் கட்டற பிரிவுல என் ஃப்ரெண்டு ஒருத்தன், இப்படி ஒரு காலி இடம் கிடைக்காதான்னு அலைஞ்சுக்கிட்டிருக்கான். இருங்க, கூப்பிடறேன்." அவர் போனைக் காதில் வைத்து முடிப்பதற்குள் வராந்தாவில் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கினான். "நீ உக்காரு" என்றான் என்னிடம்.

"எனக்கு எதுக்கு?"

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். லிஃப்ட் குழிக்குள் அடித்துப் பார்க்கிற டார்ச்சைப் பையிலிருந்து எடுத்தான். "வாயைத் திற" என்றான். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கேப் போட்ட பல்லைப் பார்த்தான். எதையும் இவ்வளவு அக்கறையாக அவன் பார்த்து நான் பார்த்ததில்லை.

"வலிக்குதா?"

"ஆ... ஆ" என்றேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"வலிக்கலையாம்" என்றார் டாக்டரக்கா.

அண்ணன் டார்ச்சை அணைக்கவில்லை. "இருங்க டாக்டர்" என்றான், "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."