படகோட்டிக்குப் பின்னால்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தே பதினைந்து வருஷத்தை ஓட்டியவனுக்குத் திடீரென்று தீவுகள் மேல் பைத்தியம் பிடித்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பக்கத்துக் கடைத் தையல்காரருக்கும் வந்தது. "தலையை நேரா வைங்க, சிரிக்காதீங்கன்னு சொன்னா தீவு கேக்குமா?" என்றார். போட்டோக்காரன் ஷட்டரை இறக்கிப் பூட்டினான்.

விவகாரம் அக்காவுடையது. ஒரு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதில் படகேறி இங்கே வந்தவள். அம்மாவும் அப்பாவும் வந்து சேரவில்லை. கைக்குழந்தையிடம் என்ன விசாரிப்பது என்று தம்பிக்கு அன்றைக்கே குடியுரிமை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாய் பேசத் தெரிந்த பாவத்துக்கு அக்காவுக்குத் தற்காலிகச் சீட்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டாள், சீட்டு மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. இப்போது கடைசி விசாரணை. கடிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். பதினொரு தீவுகளின் படங்கள் காட்டப்படும், மனுதாரர் தான் பிறந்ததை அடையாளம் காட்ட வேண்டும், தவறினால் வெளியேற்றம்.

"எந்தத் தீவுன்னே தெரியலைன்னா எங்கடா கொண்டு போய் இறக்குவாங்க?" என்று அக்கா கேட்டாள். முகாமில்தான் அடைப்பார்கள். அவன் கடிதத்தை மடித்து உறையில் போட்டான்.

அதற்காகத்தான் நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டு, வாடகைப் படகில் பதினொரு தீவுகளையும் சுற்றிப் படம் எடுத்தான். அதற்காக மட்டும் என்றால் பொய். அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல். ஊரார் முகத்தையெல்லாம் காகிதத்தில் ஒட்டிக் கொடுத்தவன், தன் காகிதத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் கோட்டோடு அலைந்தவன். சொந்தத் தீவைப் பார்த்ததும் ரத்தம் துடிக்கும் என்று நம்பிப் போனான். ரத்தமாவது துடிப்பதாவது! வாந்திதான் வந்தது. நாலாவது தீவருகே எஞ்சின் வேறு நின்று தொலைத்தது. இறங்குதுறைக் கல்லில் ஏறி நின்றுகொண்டு ஒரு மணி நேரம் படகோட்டியைத் திட்டினான். திட்டி அலுத்ததும், எஞ்சினைக் குடைந்துகொண்டிருந்த அவரையே ஒரு படம் எடுத்தான்.

வீட்டுக்கு வந்து பதினொரு படங்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். அக்கா ஈரக்கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதுடா."

"நல்லாப் பாருக்கா."

"தண்ணியில இருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு நான் எங்க கண்டேன்? வரும்போது தார்ப்பாய்க்கு அடியில உன் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன். வாசல்ல உக்காந்தா எதிர்ல கடல்ல ரெண்டு பாறை தெரியும். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. நெட்டைக்கு உச்சியில ஒரு ஓட்டை. காலையில சூரியன் ரெண்டுக்கும் நடுவுல வரும்."

"தீவோட பேரு?"

"ஊருன்னு சொல்லுவோம். உள்ளேயே இருக்கறவங்க அதுக்குப் பேரா சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடல் பூரா பாறைதான் கிடக்கு. அங்க போய்ப் பாறை கீறைன்னு உளறி வைக்காதே. பள்ளிக்கூடம் ஏதாவது இருந்துச்சா?"

"வெள்ளையா ஒரு கட்டிடம் இருந்துச்சு."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். ஏழாவது தீவில் வெள்ளைக் கட்டிடம் இருந்தது. இதுவா என்று அவள் இழுத்தாள். இதேதான் என்று அடித்துச் சொன்னான். மூன்று வாரம் படங்களைக் கலைத்துக் கலைத்துப் போட்டு ஏழாவதை எடுக்கப் பழக்கினான். படித்தவன் சொன்னால் சரியாயிருக்கும் என்று அவளும் பழகிக்கொண்டாள்.

விசாரணை அறையில் அவன் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பக்கத்தில் உட்கார்ந்தான். அதிகாரி தன்மையான பெண்மணி. படங்களைப் பரப்பியதும் அக்கா தயங்காமல் வெள்ளைக் கட்டிடத்தைத் தொட்டாள்.

"அம்மா, இந்தத் தீவுல எந்தக் காலத்துலயும் ஆள் குடியிருந்ததில்ல. இது கலங்கரை விளக்கத்துச் சாமான் வைக்கிற கிடங்கு. யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

"யாரும் சொல்லல. எனக்குத்தான் ஞாபகப் பிசகு."

"அவசரமில்ல. வேற ஏதாவது ஞாபகம் இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று கத்தியிருக்கலாம், மடையன், கத்தவில்லை. நிபந்தனையை மதித்தானாம்!

"ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா," என்றாள் அக்கா. அதையே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் கேமராவை எடுத்து, ஆத்திரம் தீரத் தீவுகளை ஒவ்வொன்றாக அழித்தான். நாலாவது தீவுக்கு அடுத்ததாகப் படகோட்டி வந்தார். அழிக்கப் போன விரல் நின்றது.

குனிந்திருந்த அவர் தோளுக்குப் பின்னால், கடலில், ஒரு நெட்டைப் பாறையும் ஒரு குட்டைப் பாறையும். நெட்டையின் உச்சியில் ஓட்டை வழியே வானம் தெரிந்தது. எல்லாத் தீவையும் கடலிலிருந்தே எடுத்தவன், தீவில் நின்று கடலைப் பார்த்து எடுத்தது இந்த ஒரு படம்தான்.

அக்காவின் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு விசாரணை அலுவலகத்துக்குப் போன் போட்டான். கெஞ்சினான், அழுதான். கையெழுத்தான வாக்குமூலத்தில் இனி எதையும் சேர்க்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அக்கா இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சூரியன் இந்தச் சந்துலதாண்டா வரும்," என்றாள். பிறகு, "நீ அங்க இறங்கினியா?"

"இறங்கினேன்."

"மண்ணை மிதிச்சியா?"

"இல்லக்கா. ஷூ நனையும்னு கல்லு மேலயே நின்னுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சரி, என்னை ஒரு படம் எடு. முகாமுக்குப் போகும்போது ரெண்டு காப்பி கொண்டுவரணும்னு கையெழுத்து வாங்கினப்பவே சொன்னாங்க."

அவன் கேமராவை வாங்கிக்கொண்டான். பதினைந்து வருஷமாய் எல்லோரிடமும் சொன்ன அந்த இரண்டு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அக்கா தானாகவே தலையை நேராக வைத்துக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.