எந்தக் கைதட்டல்

தலைவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். தீர்மானத் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன். தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன் நான். அந்தத் தாளில் இரண்டாம் பத்தியைத் தாண்டியிருக்கவில்லை. ஆனால் விஷயம் தெரியும். இதுவரை சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் தன் செயலாளரைத் தானே தேர்ந்தெடுத்தது; இனிமேல் மேலிடம் நியமிக்கும். மூட்டை தூக்குகிற எங்கள் கிளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. கிடங்கில் ஒருவன் இடுப்பு ஒடிந்து விழுந்தால் முதலாளி முன்னால் போய் நிற்கிறவன் செயலாளர்தான். அவன் நம் ஆளாக இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசச் சொல்லித்தான் என்னையும் என் தங்கச்சி புருஷனையும் மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாய் உள்ளவன் அவன். நான் துணைக்கு.

அவன் நாற்காலி காலியாக இருந்தது. சற்று முன்புதான் மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் வந்து, அவன் தோளில் கைபோட்டு மேடைக்குப் பின்னால் கூட்டிப் போயிருந்தார். பேசுகிறவர்கள் வரிசையைச் சரிபார்க்க என்று நினைத்துக்கொண்டேன்.

கைதட்டல் ஓய்வதற்குள், தீர்மானம் பலத்த கரவொலியோடு நிறைவேறியது என்று மேடையிலிருந்து அறிவித்துவிட்டார்கள். சிலர் அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள். முன்வரிசையில், தையல் கிளையிலிருந்து வந்த அம்மா ஒருவர் மட்டும் உட்காரவில்லை. எதிர்ப்பவர்களைப் பேச விடவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை, எண்ணவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மைக் அவர் பக்கம் வரவே இல்லை. வெறும் தொண்டையால் பேசினார்.

"நாங்க தட்டினது தலைவர் வந்ததுக்குங்க. தீர்மானத்துக்கு இல்ல."

மேடைக்காரர் சிரித்தார். "ரெண்டும் வேற வேறயாம்மா?"

மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். இனி அந்த அம்மா வாயைத் திறந்தால் தலைவருக்கு எதிராகப் பேசியதாக ஆகிவிடும். அவர் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் யாரோ ஒருவருடையவை போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழப்போனேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளைதான். முகம் கழுவியிருந்தான். எங்கே போனாய் என்றேன். தண்ணீர் குடிக்க என்றான். தண்ணீர்க் கேன் எங்கள் வரிசை ஓரத்திலேயே இருந்தது.

திரும்பும் பேருந்தில் அவன் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினான், அல்லது தூங்குகிறவன் மாதிரி இருந்தான். அவனைப் பிடித்து வைத்தார்களா, அவனாகவே இருந்துகொண்டானா? கேட்டுவிடலாம். கேட்ட பிறகு தங்கச்சி வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

மறுநாள் கிடங்கில் சுற்றி நின்றுகொண்டார்கள். பேச நேரமே தரவில்லை, எல்லோரும் தட்டிவிட்டார்கள் என்றான் மாப்பிள்ளை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சாக்குத் தைக்கிறவன், குறுக்குக் கேள்வி கேட்பதால் நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுகிறவன், என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்களும் தட்டினீங்களா?"

தட்டினேன் என்றேன்.

"அப்ப உங்க கை காய்ச்சுப் போனது மூட்டை தூக்கி இல்ல."

முதலில் சிரித்தவன் மாப்பிள்ளை. கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். மேலிடம் இனி யாரைச் செயலாளராகப் போடும் என்று யாரோ கேட்டார்கள். எங்களில் யாரையும் ஏறிட்டுப் பார்க்காத மேற்பார்வையாளர் அந்த வழியாகப் போனார்; போகிறபோக்கில் மாப்பிள்ளையிடம், டீ ஆச்சுங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

லாரி வந்தது. என் முதுகில் மூட்டை ஏற்றும் இரண்டு பேரில் ஒருவன் எப்போதும் மாப்பிள்ளைதான். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தேன். கனம் இறங்கவில்லை.

"வைக்கட்டுமா மச்சான்?"

இத்தனை வருஷத்தில் அவன் கேட்டு வைத்ததில்லை. குனிந்து நிற்பவனுக்குப் பின்னால் இருப்பவனின் பாதங்கள் மட்டும்தான் தெரியும். தவிட்டுத் தூசி படிந்து, சிமெண்டுத் தரையில் இரண்டும் அசையாமல் இருந்தன. நான் இன்னும் வை என்று சொல்லவில்லை.