கருவாட்டு வாசம்

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறாம் லயத்தில், விஜயலெட்சுமி வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு மணக்கும். விலைவாசி ஏறி, கோதுமை மாவு கண்ணில் படாமல் போன வருடம் அது தொடங்கியது. அடுப்பு புகையாத வீட்டைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, உலையில் போட ஒன்றுமில்லாத நாட்களிலும் அவள் அடுப்பை மூட்டினாள். பானைக்கு என்ன தோன்றியதோ, மணக்கத் தொடங்கிவிட்டது. லயத்து ஆட்கள் முதலில் பொறாமைப்பட்டார்கள், பிறகு பழகிப்போனார்கள். அவள் மகள் நிஷாந்தினி மட்டும் பானையோரமே உட்கார்ந்திருந்து நாளுக்கு நாள் இளைத்தாள். பிள்ளைக்குச் சத்தாக ஏதாவது கொடுக்கும்படி கிளினிக்கில் சொன்னார்கள். கொடுக்கலாம், இருந்தால்.

பட்டினியை ஒழிக்கப் பல நாடுகள் கூடிப் பேசுவதாக ரேடியோ சொன்னது. நாடுகள் கூடினால் பேச்சு முடிய நாளாகும். ஒருவழியாக மழைக்காலத்தில், பல கொடிகள் ஒட்டிய வெள்ளை வாகனம் ஒன்று லயத்துக்கு ஏறி வந்தது. இறங்கிய வெள்ளைக்காரம்மா ஹல்துமுல்லையிலிருந்து தோட்டம் தோட்டமாக அலைந்து களைத்திருந்தாள். வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் லயத்தில் இல்லை. விஜயலெட்சுமிக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பானையின் ஆவி பிடித்த வெறும் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். அந்த அம்மா ஆவியைப் பிசைந்து உண்டு, விரலைச் சூப்பி, வயிறு நிறைந்துவிட்டதென்று கண் கலங்கினாள்.

மொழிபெயர்க்க வந்திருந்த பதுளைக்காரர் தயாபரன் சங்கடத்தோடு நின்றார். “இங்க சாப்பாட்டுக்குக் குறையில்லன்னு எழுதிட்டாங்கக்கா.”

“பானையில ஒண்ணுமே இல்லீங்க தம்பி.”

“அவங்கதான் சாப்பிட்டுட்டாங்களே.”

நிவாரண அரிசி அடுத்த தோட்டத்துக்குப் போனது. யாரைக் குறை சொல்ல? அலுப்புத்தான் மிச்சம்.

மறுவருடம் அதே வாகனம் வரப்போவதாகக் காலைப் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது சொன்னார்கள். வாகனம் வரும் நாளில் விஜயலெட்சுமி பானைத் தண்ணீரை அடுப்பிலேயே ஊற்றி அணைத்தாள். அவள் கூரையில் புகை இல்லாததை லயமே பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பொன்னையா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் அடுப்பையும் அணைத்தார்.

“எங்க வீட்லயும் சுடுதண்ணிதான் தாயி,” என்றார்.

பிறகு ஒவ்வொரு கூரையாகப் புகை நின்றது. இத்தனை நாளும் லயம் முழுக்க வெறும் தண்ணீரைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. வந்தவர்களுக்கு இம்முறை முகர ஒன்றுமில்லை. பிள்ளைகளின் கைகளைப் பிடித்துப் பார்த்தார்கள், அதிகம் கேட்கவில்லை.

அரிசி வந்தது. அரிசி மட்டும்தான். பருப்பைப் பற்றி நாடுகள் இன்னும் பேசுகின்றனவாம். அதனால் விஜயலெட்சுமி இப்போது ஒரு அடுப்பில் சோறும் மற்றதில் வெறும் தண்ணீரும் வைக்கிறாள். நிஷாந்தினி கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சோற்றுக் கவளத்தை ஆவியில் காட்டிக் காட்டிச் சாப்பிடுகிறாள்.

“இன்னைக்குக் கருவாட்டுல உப்பு கூடம்மா,” என்று சில நாள் முகம் சுளிப்பாள்.

விஜயலெட்சுமி பானையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள்.