அறுபத்து நாலுக்கு மேல்

விநாயகமூர்த்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பூரணம் சட்டென்று எழுந்து பின்னறைக்கு ஓடினாள். செத்த புருஷனைக் கூடத்தில் போட்டுவிட்டு இப்படி ஓடியவளைப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அதுவரை கண்டதில்லை. பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி விடுவாளா, பின்னாலேயே போனாள்.

ஓட வைத்ததே அவள்தான். எழவு வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாதென்று, வந்ததும் வராததுமாக இருந்த சுவிட்சையெல்லாம் தட்டிவிட்டிருந்தாள். பின்னறை மேசையில் விநாயகமூர்த்தி தானே செய்த தகரப் பெட்டி ஒன்று. அதன் இடுக்கில் கசிந்த ஊதா வெளிச்சம் கூடத்திலிருந்தே தெரிந்தது.

பூரணம் பிளக்கைப் பிடுங்கினாள். "யாரு இத போட்டது?"

"இப்பத்தான் போட்டேன். லைட்டுன்னு நெனச்சேன்லா, அக்கா."

லைட்டுதான். கம்ப்யூட்டர் சிப்பில் எழுதியதை அழிக்கிற லைட்டு. தூசி படாது என்று, எழுதி முடித்த சிப்பையும் அதற்குள்ளேயே வைக்கிற கெட்ட பழக்கம் மனுஷனுக்கு.

டெலிகாமிலிருந்து பென்ஷன் வாங்கிய பிறகு அவர் குடித்தனம் நடத்தியது ஒரு பழைய கம்ப்யூட்டரோடுதான் என்பது தெருவறிந்த சங்கதி. சுவிட்சைத் தட்டியதும் அது தன் மெமரியை எண்ணும். அறுபத்து நாலில் நின்றுவிடும். புது போர்டும் கூடுதல் மெமரியும் மாட்டியும் பிரயோஜனமில்லை. அதை எழுப்பிவிடுகிற சிப்பு பழையது, அறுபத்து நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. டெலிபோன் நம்பர் மாதிரிதான், இலக்கத்தைக் கூட்டாமல் புது வீட்டுக்கு எப்படி போன் அடிப்பது என்பார். அந்தச் சிப்பில் இருந்ததை வரிவரியாகத் திருத்தி எழுதினார். கோயில் திருவிழாவுக்குக்கூடப் பூரணம் தனியாகத்தான் போய் வந்தாள். கேட்டால், இது முடியட்டும் என்பார். நேற்று முடிந்தது, சிப்பும் தகரப் பெட்டிக்குள் போனது. காலையில் காட்டுகிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கிள்ளானிலிருந்து வந்திருந்த அவருடைய கூட்டாளி, ரேடியோ கடை அய்யூப்பைப் பூரணம் கூப்பிட்டாள். அவர் சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் கண்ணாடி மேல் வெளிச்சம் படாமல் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லையே என்று முனகினார். கொஞ்ச நேரம்தான் எரிந்திருக்கிறது, தப்பித்தாலும் தப்பித்திருக்கும் என்றார்.

"மொதல்ல காரியம் முடியட்டும்க்கா. அப்புறம் பாக்கலாம்."

"இல்லண்ணே. அவரு வீட்டுல இருக்கறப்பவே பாக்கணும்."

வாசலில் பிணம் ஏற்ற லோரி வந்து நின்றது. அய்யூப் சிப்பைக் கம்ப்யூட்டரில் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தி, சுவிட்சைத் தட்டினார்.

திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே கிடந்தது. பிறகு எண்கள் ஓட ஆரம்பித்தன. அறுபது. அறுபத்து நாலு. பூரணம் முந்தானையைக் கசக்கிப் பிடித்தாள். எண் நிற்கவில்லை. எழுபதைத் தாண்டி, நூற்றைத் தாண்டி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தூக்கப் போகிறோம், அக்காவை வரச் சொல்லுங்கள் என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. ஒன்பது வீட்டுக்குப் பேச்சு வைத்திருக்கும் சீதாலெட்சுமி பூரணத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"வரேன்னு சொல்லு," என்றாள் பூரணம்.

பெஞ்சை இழுத்து, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தாள்.