இருபதிலேயே நின்ற வேகம்

"போர்ட் நம்பர் அஞ்சு, ரெண்டு, சைபர், நாலு, ஒண்ணு. போட்டியா?"

"போட்டுட்டேன் மாமா."

"கீழே அப்ளைன்னு இருக்கும். அதையும் அழுத்து. முக்கால்வாசி பேர் அதைத்தான் மறந்துடுவாங்க."

மருமகள் அழுத்தினாள். கட்டிலிலிருந்து மாமாவுக்குத் திரை சரியாகத் தெரியாது. படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி போட்டால் ஆக்சிஜன் குழாய் காதோரம் உறுத்தும். ஆகவே இன்றைக்கு அவருக்குக் கண்ணும் கையும் அவள்தான். வாய் மட்டும் இன்னும் அவருடையதாக இருந்தது, அதுவும் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்காக நின்று நின்று.

"இப்போ அப்லோடு எவ்வளவு?"

பார்க்காமலே அவளால் சொல்லியிருக்க முடியும். ஆனாலும் பார்த்தாள். "இருபது மாமா."

"இருபதேதானா?"

"இருபதேதான்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். காலையில் டாக்டர் வாசல்வரை போய்த்தான், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான், "இன்னிக்கோ நாளைக்கோ" என்று மகனிடம் சொன்னார். நாற்பது வருடம் லிஃப்ட் மோட்டாரின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொன்ன காதுக்கு அந்த வாசல் ஒரு தூரமா? டாக்டர் படியிறங்கிய கையோடு அவளைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டரைத் திற, நாளைக்குள்ள முடிக்கணும்" என்றார்.

முடிக்க வேண்டியது அவருடைய வீடியோக்கள். அவர் வேலை பார்த்த கம்பெனி மூடி வெகுகாலமாகிறது. அது செய்த பழைய லிஃப்டுகள் மட்டும் இன்னும் எங்கெங்கோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நின்றுபோனால் பழுது பார்க்கப் புத்தகம் கிடையாது, தெரிந்த ஆளும் கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு மாமா ஒவ்வொரு பழுதையும் செய்து காட்டிப் படமெடுத்து, மொத்தம் முப்பத்தெட்டு ஜிபியை டோரண்டில் போட்டுவைத்தார். கேட்கிறவர்களுக்கு அது துண்டு துண்டாகப் போகும். கிடைத்த துண்டுகளை அவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். யாரிடமும் இல்லாத துண்டு மட்டும் இந்த அறையிலிருந்துதான் கிளம்பியாக வேண்டும். இப்போது எட்டுப் பேர் காத்திருந்தார்கள். முகம் தெரியாத எட்டு மெக்கானிக்குகள். எட்டுப் பேருக்கும் கடைசி நாலு ஜிபி இன்னும் வரவில்லை. அதில் ஒருவனுடைய லிஃப்ட் ஏழாம் மாடியில் நிற்கிறதாம். மாமா அவனுக்கு 'ஏழாம் மாடி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

நாலு ஜிபி, நொடிக்கு இருபது கிலோபைட். அவள் காலையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். இரண்டு பகலும் இரண்டு இரவும் போதாது.

அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனில் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்திருந்தாள். மாமாவின் அப்லோடு ஓடும்போதெல்லாம் அவள் குரல் அந்தப் பக்கம் வெட்டி வெட்டிப் போயிற்று. சூப்பர்வைசர் இரண்டு தடவை எச்சரித்தாள், இன்னொரு தடவை ஆனால் வேலை போய்விடும் என்றாள். அன்றைக்கே ரவுட்டருக்குள் போய் மாமாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு வரம்பு போட்டாள். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தாள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

மாமா அந்த வாரமே பழுதைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு நோட்டுப் போட்டு, தேதி, மாற்றியது, வேகம் என்று எழுதினார். மொத்த இணைப்புகளை இருநூறிலிருந்து அறுபதாக்கினார். இருபது. ஒரே நேரத்தில் நாலு பேருக்குக் கொடுப்பதை எட்டுப் பேர் ஆக்கினார். இருபது. லைனை முழுக்க அடைத்தால் மூச்சு முட்டும், எண்பது சதவீதத்தில் நிறுத்து என்று எங்கோ படித்துவிட்டு அதையும் செய்தார். இருபது. வயரை மாற்றினார். பத்தொன்பது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்றவர்களைப் பதினாலு தடவை திட்டினார்.

அவள் வாய்வரை வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கிவிடுவாள். போன வருடம் அவள் மறுபடி ஆபீசுக்கே போக ஆரம்பித்தபோது வரம்புக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அப்போதாவது எடுத்திருக்கலாம். திடீரென்று வேகம் ஏறினால், எப்படி ஏறியது என்று கேட்பாரே!

அதைவிட மோசம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் வேலையில் இருக்கிற மெக்கானிக்குகள் அவரிடம் போனில் சந்தேகம் கேட்பார்கள். ஒருநாள் அவர் யாரிடமோ, "இனிமே என்கிட்ட கேக்காதீங்கப்பா. வீட்டுப் பெட்டியில இருக்குற பழுதையே என்னால கண்டுபிடிக்க முடியல, மூளை மழுங்கிடுச்சு" என்று சொல்வதைச் சமையலறையிலிருந்து கேட்டாள். அன்றைக்கும் அவள் குக்கரைத்தான் இறக்கினாள்.

"வெந்நீர் கொண்டுவரேன் மாமா," என்று எழுந்து போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனில் ரவுட்டரைத் திறந்தாள். 'மாமா கம்ப்யூட்டர்' என்று அவளே வைத்த பெயர், பக்கத்தில் அவளே போட்ட எண். அழித்தாள். இரண்டரை வருடம் செய்யாத வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சத்தம் போடாமல் திரும்பிப் போய், போர்ட் மாற்றியதால்தான் சரியாயிற்று என்று சொல்லிவிடுவது என்பது அவள் திட்டம். அவரும் ஜெயித்த மாதிரி இருக்கும், அவளும் தப்பித்த மாதிரி இருக்கும்.

அவள் திரும்பியபோது மாமா கண்ணைத் திறந்திருந்தார்.

"டிஸ்க் ஓடுற சத்தம் மாறியிருக்கே. எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து நூறு மாமா."

மகன் மாத்திரையோடு உள்ளே வந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இன்டர்நெட் கம்பெனிக்காரன் லைனைச் சரி பண்ணிட்டான் போல," என்றான்.

"ஆமாங்க, அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக வந்தது.

"போர்ட் மாத்தின உடனே பார்த்தோம். அப்போ இருபது," என்றார் மாமா. "நடுவுல ஒண்ணும் மாத்தல. தானா சரியாச்சுன்னு விட்டா, நாளைக்குத் தானாவே நிக்கும். யாரு எதைத் தொட்டீங்க?"

கீழே ஆக்சிஜன் சிலிண்டர் வந்திருப்பதாக மகனுக்குப் போன் வந்தது. அவன் இறங்கிப் போனான். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப் பார்வை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது, பதில் சொல்லவும் அவளுக்கு வழி இருக்காது.

"நான்தான் மாமா," என்றாள். "ரவுட்டர்ல நான் ஒரு லிமிட் போட்டிருந்தேன். இப்பதான் எடுத்தேன்."

"எப்ப போட்டே?"

"வேலைக்குச் சேர்ந்தப்போ."

"ரவுட்டர்ல அப்படி ஒரு பக்கம் இருக்கா? நான் பார்த்ததே இல்லையே."

"பாஸ்வேர்டு என்கிட்ட இருந்துச்சு."

"நான் கேட்டிருக்கணும்."

"கேட்டீங்க மாமா. மறந்துட்டேன்னு பொய் சொன்னேன்."

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கையிலிருந்த வெந்நீர் டம்ளர் சுட்டது, ஆனால் கீழே வைக்கவில்லை.

"ரெண்டரை வருஷம்," என்றார் சுவரைப் பார்த்து. மொத்தக் கோபமும் அதுதான். பிறகு, "அப்போ நான் வெச்ச செட்டிங்?" என்று கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் வெச்சிருந்தீங்க."

"எண்பது சதவீதம்?"

"சரி."

"எட்டுப் பேர்?"

"அதுவும் சரி. அதுலதான் இப்போ ரெண்டாயிரம் போகுது."

அவர் திரும்பினார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது, சிரிப்புதான். "மண்டை நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார். "நோட்டை எடு. பழுது கண்டுபிடிச்சாச்சுன்னா எழுதணும்."

தேதி எழுதினாள். வேகம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'ரவுட்டரில் வேக வரம்பு' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, 'வைத்தது மருமகள்' என்றும் எழுதினாள். படித்துக் காட்டினாள்.

"கடைசி ரெண்டு வார்த்தையை அடி."

"உண்மைதானே மாமா."

"லிஃப்ட் நோட்டுல ஆளை எழுதமாட்டோம். பழுதை மட்டும்தான்." மூச்சுக்காக நின்றார். "இன்னிக்குத் தப்புப் பண்ணவன்தான் நாளைக்கு மேல மோட்டார் ரூம்ல சுவிட்சைப் பிடிச்சுட்டு நிப்பான். நான் லிஃப்டுக்குக் கீழ குழிக்குள்ள நிப்பேன். பேரை எழுதிட்டு எப்படி இறங்குறது? அடிச்சிடு."

அடித்தாள். பேனா தாளை இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு முன்பே நாலு ஜிபியும் போய்ச் சேர்ந்துவிட்டது. "நூறு சதவீதம் மாமா, ஏழாம் மாடிக்கும் நூறு," என்றாள். "ம்," என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மகன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒன்றேகாலுக்கு அடுத்தது வரவில்லை. மகன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து ஆக்சிஜன் மெஷினை நிறுத்தினான்.

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் நம்பர்கள் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னான். எல்லாரிடமும் ஒரே வாக்கியம். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், குழாயைச் சுருட்டினாள், செய்ய வேறொன்றும் இல்லாமல் நின்றாள். கடைசி நம்பர் முடிந்ததும் அவன் சும்மா தாள்களைப் புரட்டினான். பக்கம் பக்கமாக அப்பாவின் சாய்ந்த எழுத்து, வரிக்கு வரி இருபது. கடைசி வரி மட்டும் அவள் எழுத்து. அதை இரண்டு தடவை படித்தான்.

"இதுதான் பழுதா?"

"ஆமா."

"லைன் இல்லையா?"

"இல்ல."

அடித்த இடத்தின்மேல் விரலை வைத்தான். "இங்க என்ன இருந்துச்சு?"

மாமா அடிக்கச் சொன்னது அவளுக்காகத்தான். ஒன்றுமில்லை, எழுத்துப் பிழை என்றால் அவன் நம்பிவிடுவான். அவன் எப்போதும் நம்புகிறவன்.

"என்னைத்தான் எழுதியிருந்தேன்," என்றாள். "நான்தான் போட்டேன். ரெண்டரை வருஷமா."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு பார்வை. பிறகு கட்டிலைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியுமா?"

"காலையில சொன்னேன். அவர்தான் அடிக்கச் சொன்னார்."

அவன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து போகவில்லை. கட்டில் ஓரத்தில் அவள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.