பெனோரிஸ் என்று ஒரு சொல்

கபுவா நகரத்துச் சந்தை மண்டபத்தில் நடுவர் வந்து அமர்வதற்குள் கல்வினா வாசலை நாலு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். எண்ணெய் வியாபாரியான அவள் கணவன், வீட்டு உணவுச் சேமிப்பு முழுவதும் மனைவிக்கே என்று மெழுகுப் பலகையில் உயில் எழுதிவிட்டுச் செத்திருந்தான். குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்டது. மூத்த தாரத்து மகன் லூபர்க்கஸோ சேமிப்பறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான்.

"சித்தி, அப்பாவுக்கு எழுத்து வராதுன்னு ஊருக்கே தெரியும்," என்று சிரித்தான். "'பெனுஸ்'னா சேமிப்பு, சரி. 'சேமிப்பின்'னு சொல்ல 'பெனி'ன்னு எழுதணும். இவரு 'பெனோரிஸ்'னு கிறுக்கியிருக்காரு. இல்லாத சொல்லுக்கு இல்லாத சொத்து!"

கல்வினா துணைக்கு அழைத்து வந்த இலக்கண ஆசிரியர் நிக்கானோர் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அப்படி ஒரு சொல்லு உண்டா, இல்லியா?"

"உண்டும்மா. படிச்சிருக்கேன். எங்கேன்னுதான் பிடிபடல."

அவள் நடுவரின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

நடுவர் கூப்பிட்டதும் நிக்கானோர் எழுந்தார். "இந்தச் சொல்லு மூணு விதமா உருமாறுங்க. 'சேமிப்பின்'ங்கிறதுக்கு, நீட்டி 'பெனூஸ்'னு சிலர் சொல்றாங்க. 'பெனி'ன்னு சிலர். மூணாவது..." அங்கே நின்றுவிட்டார். லூபர்க்கஸ் வேண்டுமென்றே கனைத்தான். கல்வினா மேலாடை நுனியை முறுக்கிப் பிழிந்தாள்.

"பூசாரிங்களோட பழைய சடங்கு ஏடு!" நிக்கானோர் கத்தியே விட்டார். "அதுல 'பெனோரிஸ்'னு இருக்கு!"

ஏடு கோயிலிலிருந்து வந்தது. நடுவர் விரல் வைத்துப் படித்துத் தலையசைத்தார். "சரி. எதெல்லாம் பெனுஸ்ல அடங்கும்?"

"'பெனித்துஸ்'னா உள்ளுக்குள்ள, ஆழத்துல. அதே வேருங்க. வீட்டாளுங்க சாப்பிட உள்ளே பூட்டி வைக்கிறதுதான் பெனுஸ்."

"அப்போ விக்கிறதுக்காக முன்கட்டுல நிக்கிற எண்ணெய் ஜாடிங்க?"

நிக்கானோர் கல்வினாவைப் பார்த்தார். "அது... வராதுங்க."

தானியம், உப்புக்கறி, தேன், உலர்ந்த அத்தி எல்லாம் அவளுக்கு, ஜாடிகள் மகனுக்கு. தீர்ப்பைக் கேட்டதும் லூபர்க்கஸ் சாவியைக் கழற்றி அவள் காலடியில் எறிந்துவிட்டு, ஜாடிகளை ஏற்ற வண்டி பேசப் போய்விட்டான்.

"அத ஏன்யா சொன்னீங்க?"

"கேட்டுட்டாரேம்மா. சொல்லுக்கு அதுதானே பொருள்."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. குனிந்து சாவியை எடுத்துக்கொண்டு, அவன் ஆட்கள் வருவதற்குள் உள்ளறையில் என்ன மிச்சமிருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.