கடத்திவிட்டால் கேட்க வேண்டியவை

கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்போல இரண்டு கையாலும் பிடித்து அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டினார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலை. மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ மூணு கேள்வி எழுதித் தரணும்," என்றார். "பதில் நமக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கணும். அங்க யாராவது என்னைக் கடத்திட்டா, ஆபீஸ்ல இருந்து அந்தக் கேள்வியைக் கேப்பாங்க. சரியான பதில் வந்தா நான் உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விளக்கும் குரல். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அந்தப் படிவத்தின் மேலேயே வைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அவர் ஒரு செய்தித்தாளில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைக் கவனித்துக்கொள்பவர். பன்னிரண்டு வருடமாக நாற்காலியை விட்டு நகராமல் ஒரே ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அங்கே அரசாங்கம் கவிழ்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ராணுவம் ஒரு பக்கம், அதை எதிர்ப்பவர்கள் நாலா பக்கமும். அங்கே பிறந்தவர்களே தலை தப்பினால் போதும் என்று எல்லையைத் தாண்டி ஓடி வருகிறார்கள். இவருக்கு அங்கே குடிபோக வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் இல்லை; இரண்டு வருடம். ஒரு செய்தி நிறுவனம் வேலை தரவும் ஒப்புக்கொண்டுவிட்டது. வீட்டில் உள்ளவர் கேள்விகளை எழுதிக் கையெழுத்துப் போடாமல் மட்டும் அனுப்ப மாட்டார்களாம். ஆக, அவர் போவதும் போகாததும் என் கையில் இருந்தது.

மூன்று வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ற வீம்பு. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெட்டி வாங்கிவிட்டார். கூடத்துக் கடிகாரத்தை வேறு அந்த நாட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்தார், பழகிக்கொள்ளவாம். மறுநாள் மகள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுத் தெருவில் நின்று அழுதாள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "எழுதறேன். முதல் கேள்வி. வாலுக்குப் போன வருஷம் எந்தக் கையில எலும்பு முறிஞ்சுது?"

வாலு எங்கள் மகள். எட்டு வயது. பட்டப்பெயருக்கு ஒரு குறையும் வைக்காதவள்.

"இடது."

"வலது. ஒன்றரை மாசம் நான்தான் ஊட்டி விட்டேன்."

"அப்ப அங்க தேர்தல் நடந்துட்டு இருந்துச்சு."

"ரெண்டாவது. எனக்கு எந்த மருந்து ஒத்துக்காது? ஒரு தடவை மூஞ்சியெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரியில கிடந்தேனே."

நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தன் பிறந்த தேதியே மறந்துபோன பெரியவர்கூட, பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். இவருக்கோ அந்த நாட்டு நிதி மந்திரிக்குச் சர்க்கரை என்று தெரியும். எங்கே போய் வைத்தியம் பார்க்கிறார் என்றும் தெரியும். இவர் புண்ணியத்தில் எனக்கும் தெரியும்.

"அஞ்சு நிமிஷம் குடு, ஞாபகம் வந்துடும்."

"கடத்தினவன் அஞ்சு நிமிஷம் குடுப்பானா? நீங்க தப்பாத்தான் சொல்லுவீங்க. ஆள் போயாச்சுன்னு முடிவு பண்ணி ஆபீஸ்ல இருந்து துக்கம் விசாரிக்க வந்துடுவாங்க."

"வேலை சம்பந்தமா ஏதாவது கேளேன்," என்றவர், படிவத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலையைப் பற்றிய கேள்வி கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கூட வேலை பார்ப்பவர்களுக்கும் பதில் தெரிந்திருக்குமாம். அந்த வரியை எழுதிய புண்ணியவான் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. "பதிலை நீயே சொல்லிடு, நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்," என்றார். சொன்னேன். பரீட்சைக்குப் போகிறவர்போல அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி "வலது கை, வலது கை" என்று முணுமுணுத்தார். பெற்ற மகளின் கை. அடுத்து மருந்தின் பெயர், அதே ராகத்தில். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அப்படி அங்க உங்களுக்கு யார் இருக்கா?" என்று கேட்டேன்.

நடையை நிறுத்தினார். "தினமும் அங்க யாரோ சாகறாங்க. நான் ஏசி ரூம்ல உக்காந்து அதை மூணு வரியா வெட்டி ஒட்டறேன். ஒரு தடவையாவது நேர்ல பாத்து எழுதணும்."

அதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். நியாயமான காரணத்தை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

"மூணாவது கேள்வி," என்றேன். "நீங்க போறேன்னு சொன்னதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணுமே சொல்லலையே."

"இப்ப சொல்றேன். போகாதீங்க."

மூன்று வாரத்து வீம்பு ஒரே சொல்லில் போயிற்று. குரல் உடைந்தது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பேனாவைத் திறந்து அதை எழுதினார். எழுதியதை ஒரு முறை படித்தார். பிறகு ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டார்.

"இது வேண்டாம்மா. எல்லா வீட்டுலயும் இதைத்தான் சொல்லுவாங்க. கடத்தினவன் சுலபமா யூகிச்சிடுவான். வேற ஏதாவது சொல்லு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"போய்த் தொலைன்னு எழுதிக்குங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா, இதை எவனும் யூகிக்க மாட்டான்," என்று எழுதிக்கொண்டார்.

படிவத்தை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டேன்.